ஹைட்ரஜன் ஃபியூயல் செல்: இத்தனை அரசுப் பணம் கொட்டியும் சந்தை ஏன் உருவாகவில்லை?

தெற்குக்காற்று எழுதியது:

ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கும் கருவிதான் ஃபியூயல் செல். அதில் ஓடும் கார் இதோ வந்துவிடும், அதோ வந்துவிடும் என்று 1990களிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். டைம்லர் 1994-ல் தன் முதல் சோதனை வண்டியைக் காட்டியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 2004-ல் விற்பனைக்கு விடுவதாகவும் அறிவித்தது. 2003-ல் அமெரிக்க அதிபர் புஷ் 120 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தபோது, அன்று பிறக்கும் குழந்தை ஓட்டப்போகும் முதல் கார் ஹைட்ரஜனில் ஓடலாம் என்றார். அந்தக் குழந்தைகள் இப்போது வண்டி ஓட்டும் வயதைத் தாண்டிவிட்டார்கள்.

ஜப்பான் 2017-ல் எழுதிய தேசிய உத்தியில் 2020-க்குள் 40,000, 2025-க்குள் 2 லட்சம், 2030-க்குள் 8 லட்சம் கார்கள் என்று இலக்கு வைத்தார்கள். 2023 முடியும்போது அங்கே ஓடியவை பத்தாயிரத்துக்கும் குறைவு. 2024 பிப்ரவரியில் ஷெல் நிறுவனம் கலிஃபோர்னியாவில் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் பங்குகளை (பெட்ரோல் பங்க் போல எரிபொருள் நிரப்பும் நிலையங்களை) நிரந்தரமாக மூடிவிட்டது.

இதில் குறை தொழில்நுட்பத்திலா, கொள்கையிலா? கொள்கையில்தான் என்பது என் எண்ணம். அரசுகள் வண்டி எண்ணிக்கைக்கும் பங்கு எண்ணிக்கைக்கும் பணம் கொடுத்தன. ஒரு நாளில் எவ்வளவு ஹைட்ரஜன் உண்மையில் விற்கிறது என்பதற்குப் பணம் கொடுக்கவில்லை. இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

மின்வேதி எழுதியது:

தொழில்நுட்பம் வேலை செய்யும், அதில் சந்தேகமே வேண்டாம். 1965-ல் ஜெமினி விண்கலத்தில் ஏறியது, அப்புறம் அப்போலோவுக்கு மின்சாரமும் குடிநீரும் கொடுத்தது. ஆனால் காருக்கு என்று வரும்போது ஒரு கணக்கு குறுக்கே நிற்கிறது. அதைச் சொல்லாமல் கொள்கையை மட்டும் குறை சொல்வது சரியில்லை.

தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க ஏறக்குறைய 55 யூனிட் மின்சாரம் வேண்டும். அந்த ஒரு கிலோவுக்குள் இருக்கும் ஆற்றல் 33 யூனிட். 700 பார் அழுத்தத்துக்கு (காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 700 மடங்கு) ஏற்ற இன்னும் 3 யூனிட் போகும். வண்டியில் இருக்கும் ஃபியூயல் செல் பாதிக்குச் சற்று மேல்தான் மின்சாரமாக்கும். ஆக 58 யூனிட் போட்டால் மோட்டாருக்கு வருவது 17, 18 யூனிட். அதே 58 யூனிட்டை பேட்டரியில் ஏற்றினால் 45 யூனிட் அளவுக்குக் கிடைக்கும். எந்த அமைச்சரவை கூடினாலும் இந்த விகிதம் பெரிதாக மாறாது.

அதனால் பேட்டரி நன்றாக வேலை செய்யும் இடத்தில் ஹைட்ரஜன் ஜெயிக்காது. பேட்டரி திணறும் இடம் எது என்று பார்த்து அங்கே பணத்தைப் போட வேண்டும்.

---

கிடங்குமனிதன் எழுதியது:

//பேட்டரி திணறும் இடம் எது//

நான் வேலை செய்யும் இடம் அப்படிப்பட்டதுதான் சார். பெரிய குளிர்பதனக் கிடங்குகளில் ஃபோர்க்லிஃப்ட் பராமரிப்பு என் வேலை.

மூன்று ஷிப்ட் ஓடும் கிடங்கில் ஒரு வண்டிக்கு ஒரு ஈய-அமில பேட்டரி போதாது. ஒன்று ஓடும், ஒன்று சார்ஜ் ஏறும், ஒன்று ஆறிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு டன்னைத் தாண்டும். மாற்றுவதற்குத் தனி அறை, தனி கிரேன், தனி ஆள். குளிர் அறைக்குள் போனால் பேட்டரியின் திறன் இறங்கி, ஷிப்ட் முடியும் முன்பே வண்டி மந்தமாகிவிடும். ஃபியூயல் செல் வண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. 350 பாரில் இரண்டு, மூன்று நிமிடத்தில் ஓட்டுநரே நிரப்பிக்கொண்டு போய்விடுவார்.

வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று: ஃபோர்க்லிஃப்டில் பேட்டரியின் எடைதான் முன்னால் தூக்கும் சுமைக்கு எதிர் எடை. ஃபியூயல் செல் பெட்டி லேசானது. அதனால் பழைய பேட்டரி இருந்த குழிக்குள் அப்படியே உட்காரும் அளவில் பெட்டியைச் செய்து, எடை சரியாக வருவதற்கு உள்ளே இரும்பைச் சேர்த்துத் தருகிறார்கள். வண்டியை மாற்றவே வேண்டாம், பெட்டியை மாற்றினால் போதும். இது வாங்குபவரின் தயக்கத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டது.

கொள்கை விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் 2009 பொருளாதார ஊக்கத் திட்டத்தில் ஃபியூயல் செல் பயன்பாட்டுக்காக ஒதுக்கியது சுமார் 4.2 கோடி டாலர்தான். அதில் சில நூறு ஃபோர்க்லிஃப்டுகளும், செல்பேசிக் கோபுரங்களுக்கான மாற்று மின் கருவிகளும் வந்தன. அதோடு 30 விழுக்காடு வரிச்சலுகை. அவ்வளவுதான். பிறகு பெரிய சில்லறை வணிக நிறுவனங்கள் தங்கள் பணத்திலேயே ஆயிரக்கணக்கில் வாங்கின. இன்று அங்கே 50,000-க்கு மேல் ஓடுகின்றன. காருக்குக் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்து வருவதுதான். சந்தை உருவானது, சுற்றுச்சூழல் லாபம் இன்னும் முழுதாக வரவில்லை.

---

கணக்குநோட்டு எழுதியது:

நல்ல உதாரணம். அந்த வெற்றிக்குக் காரணம் ஒரே இடத்தில், தினமும், ஒரே அளவில் எரிபொருள் போவது. காருக்கான பங்கில் இது நேர்மாறு.

எல்லோரும் முட்டை முதலா கோழி முதலா என்கிறார்கள். பங்கு இல்லாமல் கார் விற்காது, கார் இல்லாமல் பங்கு ஓடாது, அதனால் அரசு பங்கைக் கட்டித் தரட்டும் என்று. கலிஃபோர்னியா அதைத்தான் செய்தது. 2013-ல் சட்டம் போட்டு, 100 பங்குகள் வரும்வரை ஆண்டுக்கு 2 கோடி டாலர் வரை ஒதுக்கினார்கள். பங்குகள் வந்தன. அப்புறம் என்ன ஆனது?

ஒரு பங்கின் செலவில் பெரும்பகுதி நிலையானது. கம்ப்ரஸர், குளிரூட்டி, பராமரிப்பு ஒப்பந்தம், காப்பீடு எல்லாம் பத்து கார் வந்தாலும் அதே, இருநூறு கார் வந்தாலும் அதே. 700 பாரில் வேகமாக நிரப்பினால் தொட்டி சூடாகும். அதனால் வாயுவை மைனஸ் 40 டிகிரி வரை குளிர்வித்து அனுப்ப வேண்டும். ஈரக்காற்று உள்ள நாளில் அடுத்தடுத்து இரண்டு மூன்று வண்டி நிரப்பினால் நாசில் காரோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். இளகும்வரை பின்னால் நிற்பவர் காத்திருக்க வேண்டும். கம்ப்ரஸர் பழுதானால் பங்கே மூடல். அடுத்த பங்குக்குப் போனால் அங்கே வரிசை. ஆட்கள் காரையே விற்றுவிடுகிறார்கள், பங்கின் விற்பனை இன்னும் குறைகிறது.

விலையைப் பாருங்கள். கிலோ 13 முதல் 16 டாலர் வரை இருந்தது 2023-ல் 36 டாலருக்கு ஏறியது. டொயோட்டாவின் மிராய் ஃபியூயல் செல் காரின் தொட்டி 5.6 கிலோ. ஒரு முறை நிரப்ப 200 டாலர். டொயோட்டா காரோடு கொடுத்த 15,000 டாலர் எரிபொருள் அட்டை பழைய விலையில் 160 தடவைக்கு மேல் வந்திருக்கும், புதிய விலையில் 75 தடவையோடு தீர்ந்துவிடும். அட்டை தீர்ந்தபின் கையிலிருந்து யார் கொடுப்பார்கள்?

பங்கைக் கட்டத்தான் பணம் வந்தது. அது ஒழுங்காக இயங்கியதா என்பதற்குப் போதிய கட்டுப்பாடு இல்லை.

---

நீலவானம் எழுதியது:

ஜப்பானை எல்லோரும் தோல்வி உதாரணமாகக் காட்டுகிறீர்கள். கார் விஷயத்தில் சரி. ஆனால் அதே நாடுதான் உலகத்திலேயே அதிக வீடுகளில் ஃபியூயல் செல் வைத்திருக்கிறது. எனிஃபார்ம் என்ற பெயரில் 2009-ல் தொடங்கியது. இன்று 4 லட்சத்துக்கு மேல்.

அது எப்படி நடந்தது என்று கவனியுங்கள். தொடக்கத்தில் கருவியின் விலை 30 லட்சம் யென்னைத் தாண்டியது, அரசு 14 லட்சம் யென் வரை மானியம் கொடுத்தது. ஆனால் அந்த மானியம் படிப்படியாகக் குறையும் என்பது முதலிலிருந்தே எல்லோருக்கும் தெரியும். அதனால் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் உதிரிபாகங்களைக் குறைத்தார்கள். பத்து ஆண்டுகளில் விலை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்தது.

அதைவிட முக்கியம், யாரும் புதுக் குழாய் பதிக்கவில்லை. வீட்டுக்கு ஏற்கெனவே வரும் எரிவாயுவைக் கருவியே ஹைட்ரஜனாக மாற்றிக்கொள்கிறது. எரிவாயு நிறுவனங்களே விற்றன, பொருத்தின, பழுது பார்த்தன. எல்லாத் தயாரிப்பாளருக்கும் ஒரே விற்பனைப் பெயர். மின்சாரம் வரும்போது கூடவே வரும் வெப்பத்தில் குளிக்க வெந்நீர். இரண்டையும் சேர்த்தால் எரிபொருளின் ஆற்றலில் 90 விழுக்காட்டுக்கு மேல் பயனாகிறது.

2030-க்கு வைத்த 53 லட்சம் என்ற இலக்கு எட்டாது, அது வேறு விஷயம். இலக்கை எட்டாததும் சந்தை உருவாகாததும் ஒன்றில்லை.

---

மின்வேதி எழுதியது:

@நீலவானம், அதில் புதைபடிவ எரிவாயுதானே எரிபொருள்? ஒரு கிலோ ஹைட்ரஜனை எரிவாயுவிலிருந்து எடுத்தால் 9, 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அரசுப் பணம் போவது உமிழ்வைக் குறைக்கத்தானே?

---

நீலவானம் எழுதியது:

புரிகிறது. ஆனால் செல்லைச் செய்யும் தொழிலும் எரிபொருளைச் செய்யும் தொழிலும் வேறு வேறு. இரண்டும் ஒரே நாளில் பழுக்க வேண்டும் என்று காத்திருந்ததால்தான் பல நாடுகளில் இரண்டுமே நடக்கவில்லை. செல் மலிவாகட்டும், எரிபொருளைப் பிறகு சுத்தமாக்கலாம் என்று ஜப்பான் முடிவெடுத்தது. அந்த வரிசையில் நியாயம் இருக்கிறது. தரவு மையங்களும் இப்போது இதே வழிக்கு வருகின்றன. அமெரிக்காவின் புளூம் எனர்ஜி நிறுவனம் செய்யும் செல்கள் ஓடுவது பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில்தான். 2024 நவம்பரில் ஒரு மின் நிறுவனம் மட்டுமே 1 கிகாவாட் வரை வாங்க ஒப்பந்தம் போட்டது. மின்கம்பி இணைப்புக்குப் பல ஆண்டு காத்திருக்க முடியாத இடத்தில் இதன் மதிப்பு தெரிகிறது.

---

பணிமனை எழுதியது:

நான் பேருந்துப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். இங்கேதான் அரசுகள் அதிகம் கற்றிருக்க வேண்டும்.

கனடாவின் விஸ்லரில் 2010 குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டி 20 ஃபியூயல் செல் பேருந்துகள் விட்டார்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே பெரிய அணி அதுதான். பேலார்டு நிறுவனத்தின் செல், அதே மாகாணத்து நிறுவனம். ஆனால் ஹைட்ரஜன்? நாட்டின் மறுகோடியில் இருக்கும் கியூபெக்கிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். 2014-ல் சோதனைக் காலமும் பணமும் முடிந்ததும் டீசலுக்கே திரும்பினார்கள். வண்டி ஓடவில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஓட்டுவதற்குக் கட்டுப்படியாகவில்லை.

பிரான்சின் மோன்பெலியே நகரம் இன்னும் தெளிவான பாடம். 51 ஹைட்ரஜன் பேருந்து வாங்கத் திட்டம், வாங்குவதற்கு மானியமும் கிடைத்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் எரிபொருளுக்கு மட்டும் கிலோமீட்டருக்கு 95 சென்ட், மின்பேருந்துக்கு 15 சென்ட். 2022 ஜனவரியில் கைவிட்டார்கள். ஜெர்மனியின் லோயர் சாக்சனி 14 ஹைட்ரஜன் ரயில்களை இறக்கிவிட்டு, அடுத்து வாங்குவது பேட்டரி ரயில்தான் என்று 2023-ல் சொல்லிவிட்டது.

வண்டி வாங்கப் பணம் கிடைக்கிறது, ரிப்பன் வெட்டுகிறார்கள். பதினைந்து வருடம் ஓட்டும் செலவு பணிமனையின் தலையில். எங்களுக்கு ஓடும் கிலோமீட்டருக்குத்தான் உதவி வேண்டும்.

சீனா இதை ஓரளவு புரிந்துகொண்டது. 2021-ல் ஐந்து நகரத் தொகுப்புகளைத் தேர்ந்தெடுத்து, முன்கூட்டியே மானியம் கொடுக்காமல், வேலை முடிந்து மதிப்பிட்ட பிறகு பரிசாகப் பணம் என்று வைத்தார்கள். கார்களைத் தவிர்த்து லாரி, பேருந்துக்கு முன்னுரிமை. வண்டி குறிப்பிட்ட தூரம் ஹைட்ரஜனில் ஓடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அங்கும் இலக்கு தள்ளிப்போகிறது, ஆனால் நிறுத்தி வைக்கும் வண்டிக்குப் பணம் போவதில்லை.

---

சட்டவரைவு எழுதியது:

இதுவரை பயன்படுத்தும் பக்கத்தைப் பேசினீர்கள். கடந்த சில ஆண்டுகளில் பெரும்பணம் உற்பத்திப் பக்கம் போயிருக்கிறது, அங்கே நடந்ததையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் 2022 சட்டத்தில் 45வி என்ற பிரிவு. சுத்தமான ஹைட்ரஜனுக்குக் கிலோவுக்கு 3 டாலர் வரை வரிச்சலுகை, பத்து ஆண்டுகளுக்கு. மிகத் தாராளம். ஆனால் எது சுத்தம்? மின்சாரம் புதிய ஆலையிலிருந்து வர வேண்டுமா, அதே பகுதியிலிருந்தா, அதே மணி நேரத்திலா? இதற்கு இறுதி விதி வர 2025 ஜனவரி ஆகிவிட்டது. சட்டம் வந்து இரண்டு வருடத்துக்கு மேல். வங்கிகள் அதுவரை கையெழுத்துப் போடவில்லை. 2025 ஜூலையில் இன்னொரு சட்டம் வந்து, 2027 முடிவதற்குள் கட்டுமானம் தொடங்கினால்தான் சலுகை என்று ஐந்து ஆண்டுகளை வெட்டிவிட்டது. ஒரு ஆலைக்கு நிலம், மின் இணைப்பு, வாங்குபவர் ஒப்பந்தம் எல்லாம் சேர நான்கைந்து வருடம் ஆகும். கொள்கை அதைவிட வேகமாக மாறினால் யார் முதலீடு செய்வார்கள்?

மின்சாரம் உற்பத்தியான நேரமும் பயன்படுத்திய நேரமும் பொருந்த வேண்டும் என்பதற்கு ஐரோப்பா 2029 முடியும்வரை மாதக் கணக்கு, 2030 முதல் மணிக் கணக்கு என்று வைத்தது. இந்தியா கிலோவுக்கு 2 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்ற வரம்பை 2023-ல் அறிவித்தது. அமெரிக்கச் சட்டத்தில் 4 கிலோ வரை சலுகை உண்டு, அளவு கூடக் கூட சலுகை குறையும். ஒரே வாயு, எல்லை தாண்டினால் வேறு தகுதி. ஏற்றுமதி செய்ய நினைப்பவருக்கு இது பெரிய தலைவலி.

எனக்குப் பிடித்தது, விற்பவர் கேட்கும் விலைக்கும் வாங்குபவர் தரும் விலைக்கும் உள்ள இடைவெளியை அரசு ஏற்கும் முறை. ஜப்பான் 2024-ல் சட்டம் போட்டு 15 ஆண்டுகளுக்கு 3 லட்சம் கோடி யென் ஒதுக்கியது. ஜெர்மனியின் எச்2குளோபல் நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்கி, குறுகிய கால ஏலத்தில் விற்று, நஷ்டத்தை அரசு ஏற்கிறது. இதில் விற்பவரும் இருக்கிறார், வாங்குபவரும் இருக்கிறார். உற்பத்திக்கு மட்டும் சலுகை கொடுத்தால் ஆலை அறிவிப்புகள் வரும், வாங்க ஆள் வராது.

---

கணக்குநோட்டு எழுதியது:

@சட்டவரைவு, அதில் ஃபியூயல் செல்லுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. உர ஆலைக்கும் சுத்திகரிப்பு ஆலைக்கும் ஹைட்ரஜன் குழாயில் போகும், அங்கே உற்பத்திச் செலவு குறைந்தால் விலை குறையும். வண்டிக்குப் போகும் ஹைட்ரஜனில் அழுத்தி, ஏற்றி, கொண்டுபோய், குளிர்வித்து, நிரப்பும் செலவு உற்பத்திச் செலவையே தாண்டும். ஆலை வாசலில் 3 டாலர் குறைந்தாலும் பங்கில் நிற்பவர் அதை உணர மாட்டார்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் போட்ட விதி 2030 முடிவதற்குள் முக்கியச் சாலைகளில் 200 கிலோமீட்டருக்கு ஒரு பங்கு என்கிறது, நாளைக்கு ஒரு டன் திறன். ஒரு டன் என்றால் 5 கிலோ வீதம் 200 கார். லாரியானால் 30, 35 லாரி போதும். சாலையில் 200 ஹைட்ரஜன் கார் தினமும் ஒரே பங்குக்கு வரப்போவதில்லை. ஆனால் ஒரு சரக்கு நிறுவனத்தோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டால் 30 லாரி சாத்தியம். அந்த ஒப்பந்தத்தைக் காட்டினால்தான் கட்டுமானப் பணம் என்று விதி வைக்கலாம்.

---

ஓடுதளம் எழுதியது:

கார்களை ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். கொரியாவில் 30,000-க்கு மேல் ஓடுகின்றனவே?

---

பணிமனை எழுதியது:

ஓடுகின்றன தம்பி. தேசிய மானியம், உள்ளூர் மானியம் சேர்த்தால் காரின் விலையில் ஏறக்குறைய பாதி அரசு கொடுத்தது. பெரும்பாலும் ஒரே மாடல். 2023 நவம்பரில் ஒரே ஓர் உற்பத்திக்கூடத்தில் பழுது வந்ததும் தலைநகர்ப் பகுதியில் பங்குகளில் எரிபொருள் இல்லாமல் வரிசை நின்றது. மானியம் வண்டிக்குப் போன வேகத்தில் விநியோகத்துக்குப் போகவில்லை.

---

அளவுகோல் எழுதியது:

பெரிய தொகைகளையே பேசுகிறோம். பணமே செலவாகாத கொள்கைகளும் இருக்கின்றன, அவை தாமதமானாலும் சந்தை நின்றுவிடும்.

ஒன்று சொல்கிறேன். ஹைட்ரஜனைக் கிலோ கணக்கில் விற்க வேண்டுமானால் மீட்டர் சரியாக அளக்கிறது என்று அரசின் எடை அளவைத் துறை முத்திரை குத்த வேண்டும். 700 பாரில், மைனஸ் 40 டிகிரியில் பாயும் வாயுவை 2 விழுக்காடு பிழைக்குள் அளக்கும் மீட்டர் அப்போது கிடைக்கவில்லை. அதனால் கலிஃபோர்னியாவில் பங்கு இருந்தும் பொதுமக்களுக்குக் கிலோ கணக்கில் விற்க வழியில்லை. 2014-ல் 5, 10 விழுக்காடு பிழை வரை தற்காலிகமாக அனுமதிக்கும் வகுப்புகளை உருவாக்கினார்கள். அதன் பிறகே 2015 தொடக்கத்தில் ஒரு பல்கலைக்கழக வளாகப் பங்கு முதல் அனுமதி பெற்று விற்கத் தொடங்கியது.

ஜப்பானில் உயர் அழுத்த வாயுச் சட்டத்தின் கீழ் பங்குக்குப் பயிற்சி பெற்ற ஆள் கட்டாயம், வாடிக்கையாளர் தானே நிரப்பவும் முதலில் தடை. கூட்டமே வராத பங்கில் நாள் முழுக்க ஆள் சம்பளம். பிறகுதான் தளர்த்தினார்கள். தூய்மையும் அப்படி. ஃபியூயல் செல்லுக்கு 99.97 விழுக்காடு தூய்மை வேண்டும், கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 0.2 பங்கைத் தாண்டினாலே செல்லின் வினையூக்கியான பிளாட்டினத்தின் வேலை கெடும். அதைச் சோதிக்கும் ஆய்வகம் எத்தனை நாட்டில் இருக்கிறது? மானியம் அறிவிக்கும் முன் இதையெல்லாம் முடித்து வைத்தால் பாதிக் கஷ்டம் குறையும்.

---

மின்வேதி எழுதியது:

மிக உபயோகமான பதிவு, @அளவுகோல். ஆராய்ச்சிப் பணத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். காருக்கு 5,000 முதல் 8,000 மணி நேரம் செல் உழைத்தால் போதும். நெடுஞ்சாலை லாரிக்கு அமெரிக்க எரிசக்தித் துறை வைத்த இலக்கு 25,000 மணி. கார் செல்லை எடுத்து லாரியில் வைத்தால் இடையிலேயே சவ்வும் வினையூக்கியும் தேய்ந்துவிடும். கொள்கை லாரிப் பக்கம் திரும்புகிறதென்றால் ஆராய்ச்சிப் பணமும் ஆயுளைக் கூட்டும் வேலைக்குத் திரும்ப வேண்டும். இன்னும் எடையைக் குறைப்பதிலேயே பல ஆய்வகங்கள் நிற்கின்றன.

---

கிடங்குமனிதன் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வண்டிகளில் செல் மாற்றும் செலவுதான் கணக்கைத் தீர்மானிக்கிறது.

---

தெற்குக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னதையெல்லாம் பார்த்தபின் ஒரு கோரிக்கை தெளிவாகிறது. அரசுப் பணம் வாங்கும் ஒவ்வொரு பங்கும் தினமும் விற்ற கிலோ, எத்தனை மணி நேரம் பழுதாகிக் கிடந்தது, விற்ற விலை ஆகிய மூன்றையும் பொதுவில் வெளியிட வேண்டும். பேருந்து, லாரித் திட்டங்கள் ஓடிய கிலோமீட்டரையும் செல் மாற்றிய தேதியையும் வெளியிட வேண்டும். மானியத் தவணையை அந்த எண்களோடு கட்டிவிடலாம். @பணிமனை, @கிடங்குமனிதன், உங்கள் பதிவேடுகளில் இவை ஏற்கெனவே இருக்குமா, புதிதாக எழுத வேண்டுமா?

---

பணிமனை எழுதியது:

எல்லாமே இருக்கிறது. ஒவ்வொரு நிரப்பலும் நேரத்தோடும் அழுத்தத்தோடும் கணினியில் பதிவாகிறது. மாதாமாதம் கருவி விற்ற நிறுவனத்துக்கு அனுப்புகிறோம், மானியம் கொடுத்த துறை இதுவரை ஒரு முறையும் கேட்டதில்லை. கேட்டால் அன்றைக்கே அனுப்பலாம்.